வாசகர் கேள்வி–பதில்: நாடாச் சுருளிலிருந்து யூனிக்ஸ்

சென்ற இதழில் வெளிவந்த பீடிபி-11 மினிகணினி பற்றிய கட்டுரையில், பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பு 1975ஆம் ஆண்டு காந்த நாடாச் சுருள்களாகப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றது என்று ஒரு வரி இருந்தது. கட்டுரையின் மற்ற பகுதிகளை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பற்றியே பெரும்பாலான வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இம்மாதப் பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி: இயங்குதளம் நாடாவில் இருக்கிறது, கணினியின் நினைவகமோ வெறுமையாக இருக்கிறது. நாடாவைப் படிக்கச் சொல்லும் நிரலே நாடாவில்தான் இருக்கிறது என்றால், முதல் அடியை யார் எடுத்து வைத்தார்கள்? — சேலம் வாசகர்

பதில்: கணினியின் முன் நின்ற மனிதர்தான் எடுத்து வைத்தார். கைப்பம்பு நீர் தூக்க வேண்டுமானால் முதலில் ஒரு சொம்பு நீரை நாம் ஊற்ற வேண்டியிருக்கிறதல்லவா, அதுபோல மிகச் சிறிய ஒரு நிரலை மனிதர் தம் விரலால் நினைவகத்தில் ஏற்றினார். பீடிபி-11/40 கணினியின் முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பிட். மூன்று மூன்று சுவிட்சுகளாகச் சேர்த்து வாசிக்க வசதியாக இருப்பதால், அந்தக் காலத்து பீடிபி-11 ஆவணங்கள் ஆக்டல் எனப்படும் எட்டடிமான எண்களிலேயே எழுதப்பட்டன.

நாடாவுடன் வந்த குறிப்பு, டியூ10 வகை நாடா இயக்கி வைத்திருப்பவர்களுக்கு ஆறே ஆறு எண்களைக் கொடுத்தது: 012700, 172526, 010040, 012740, 060003, 000777. இவற்றை ஆக்டல் 100000 என்ற முகவரியிலிருந்து ஏற்ற வேண்டும். சுவிட்சுகளில் அந்த முகவரியை அமைத்து "லோட் அட்ரஸ்" சுவிட்சை அழுத்துவார்கள். பிறகு ஒவ்வோர் எண்ணாக அமைத்து "டெபாசிட்" சுவிட்சை மேல்நோக்கித் தூக்குவார்கள். மற்ற சுவிட்சுகளெல்லாம் கீழே அழுத்துவதாக இருக்க இது மட்டும் மேலே தூக்குவதாக அமைக்கப்பட்டது, கை தவறி நினைவகத்தில் எதையும் எழுதிவிடாதிருப்பதற்கு நல்ல காப்பாக இருந்தது. ஒவ்வொரு முறை தூக்கிய பிறகும் முகவரி தானாக அடுத்த சொல்லுக்கு (16 பிட் கொண்ட நினைவக அலகுக்கு) நகர்ந்துகொள்ளும்.

அந்த ஆறு எண்களையும் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. இதைப் புரிந்துகொள்ளாமல் தட்டச்சு செய்பவர்களே பிற்பாடு எங்கே சிக்கினோம் என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள். முதல் இரண்டு எண்களும் சேர்ந்து 172526 என்ற மதிப்பை, பூச்சியம் என்ற எண் கொண்ட பொதுப் பதிவகத்தில் (கணினி ஓர் எண்ணைக் கைவசம் வைத்துக்கொள்ளும் இடத்தில்) வைக்கின்றன. அது நாடாக் கட்டுப்பாட்டு அட்டையின் நினைவக முகவரிப் பதிவகம் இருக்கும் இடம். மூன்றாவது எண், அதற்கு முந்தைய இடமான 172524இல், அதாவது எத்தனை பைட்டுகள் படிக்க வேண்டும் என்பதைச் சொல்லும் பதிவகத்தில், கையில் இருக்கும் முகவரியையே எண்ணிக்கையாக எழுதிவிடுகிறது. எண்ணிக்கை எதிர்மறை எண்ணாகத் தரப்பட வேண்டும் என்பது அந்த அட்டையின் விதி. 172526 என்பதை எதிர்மறையாக வாசித்தால் ஏறத்தாழ 2,700 பைட்டுகள் வரும். நாடாவில் ஒரே தொகுதியாக எழுதப்பட்டிருக்கும் தரவுத் துண்டான ஒரு பிளாக் 512 பைட்டுகள்தான் என்பதால் பிளாக் முடிந்ததும் வாசிப்பு தானாக நின்றுவிடும். எண்ணிக்கை துல்லியமாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. கையில் கிடைத்த எண்ணையே எடுத்து வேலையை முடித்துக்கொண்ட இந்தச் சிக்கனத்தில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. நான்காவதும் ஐந்தாவதும் 060003 என்ற கட்டளையை 172522இல் எழுதுகின்றன. ஒன்பது தடம், அங்குலத்துக்கு 800 என்ற அடர்த்தி, படி, புறப்படு என்று நான்கு செய்திகள் அந்த ஒரே எண்ணில் அடங்கியிருக்கின்றன. ஆறாவது எண் தன்னிடமே திரும்பத் திரும்பத் தாவிக்கொண்டிருக்கும் ஒரு கட்டளை.

படித்து முடிந்ததா, பிழை நேர்ந்ததா என்று இந்த நிரல் எதையும் சோதிப்பதில்லை. நாடா சற்று நகர்ந்து நிற்பதை மனிதர் கண்ணால் பார்த்து, கணினியை நிறுத்தி, முகவரி பூச்சியத்திலிருந்து மீண்டும் ஓட விட வேண்டும். முதல் பிளாக் அந்த முகவரியில்தான் வந்து இறங்கியிருக்கும். ஏற்றும் நிரலை 100000 என்ற தொலைவில் வைத்ததன் காரணமும் அதுவே, இல்லையென்றால் வரும் சரக்கு ஏற்றும் நிரலையே மூடிவிடும். எல்லாம் சரியாக நடந்திருந்தால் நாடா பின்னோக்கிச் சுற்றிக்கொள்ளும்; டெலிடைப்பில் "=" என்ற ஒற்றைக் குறி அச்சாகும்.

கேள்வி: பீடிபி-11ஐத் தயாரித்த டெக் நிறுவனமே தொடக்க நிரலை ரோம் அட்டையில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்) விற்றது என்று படித்திருக்கிறேன். பிறகு ஏன் இந்தச் சுவிட்ச் வேலை? — பெங்களூரு வாசகர்

பதில்: விற்றது உண்மை. ஆனால் டெக்கின் நாடா ரோம் முதல் பிளாக்கைத் தாண்டி அடுத்த பிளாக்கைப் படிக்கும் வழக்கத்தில் எழுதப்பட்டது. மேற்சொன்ன ஆறு எண்களோ முதல் பிளாக்கையே படிக்கின்றன. பெல் ஆய்வகக் குறிப்பே இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லி எச்சரிக்கிறது.

கேள்வி: "=" குறி வந்த பிறகு என்ன நடக்கிறது? நாடாவில் கோப்புகள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன? — யாழ்ப்பாண வாசகர்

பதில்: இன்றைய நிறுவல் நிரல்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த இடம் வியப்பாக இருக்கும், ஏனென்றால் இங்கே நிறுவல் என்று தனியாக எதுவும் கிடையாது. நாடாவில் 12,100 பிளாக்குகளும் அவற்றின் முடிவில் ஒரேயொரு கோப்பு முடிவுக் குறியும் இருக்கின்றன, அவ்வளவுதான். தொடக்கத்தில் உள்ள ஏறத்தாழ நூறு பிளாக்குகளில், இயங்குதளம் இல்லாமலேயே ஓடக்கூடிய சிறு நிரல்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகு வருபவை மூன்று ஆர்கே05 வட்டுகளின் நேர்ப் படிகள்: நிரல்கள் அடங்கிய முதல் வட்டு, மூலநிரல் அடங்கிய இரண்டாம் வட்டு, கையேடுகள் அடங்கிய மூன்றாம் வட்டு, ஒவ்வொன்றும் 4,000 பிளாக்.

"=" குறிக்கு விடையாக டிஎம்ஆர்கே என்று தட்டச்சு செய்தால், டிஎம் நாடாவிலிருந்து ஆர்கே வட்டுக்குப் படியெடுக்கும் சிறு நிரல் ஓடத் தொடங்கும். அது மூன்று கேள்விகள்தான் கேட்கும்: வட்டில் எந்த பிளாக்கிலிருந்து, நாடாவில் எந்த பிளாக்கிலிருந்து, எத்தனை பிளாக். முதல் முறை 0, 100, 1 என்று விடை தர வேண்டும்; நாடா சற்று நகரும். மீண்டும் அதே நிரலை அழைத்து 1, 101, 3999 என்று தர வேண்டும். இம்முறை நாடா நெடுநேரம் ஓடும்.

இரண்டு முறை எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். முதல் முறை போவது வட்டின் பூச்சியமாவது பிளாக், அதாவது வட்டிலிருந்து கணினியைக் கிளப்பும் தொடக்க நிரல். அது வட்டு இயக்கியின் வகைக்கேற்ப மாறுபடும். ஆர்கே05 வட்டுக்கு உரியது நாடாவின் 100ஆம் பிளாக்கிலும், ஆர்பி03 வட்டுக்கு உரியது 99இலும், ஆர்பி04 வட்டுக்கு உரியது 98இலும் உள்ளன. கோப்பு முறைமையோ எல்லோருக்கும் பொதுவாக 101இல் தொடங்குகிறது. ஆர்கே05 வைத்திருப்பவர்களுக்கு இரண்டும் அடுத்தடுத்து அமைந்துவிட்டதால் 0, 100, 4000 என்று ஒரே வீச்சில் முடித்தாலும் விளைவு ஒன்றே. ஆனால் மற்ற வட்டுக்காரர்கள் அப்படிச் செய்தால் தவறான தொடக்க நிரல் வட்டில் அமர்ந்துவிடும்.

ஓர் ஆர்கே05 வட்டில் 203 உருளைகள், 2 பக்கங்கள், ஒரு தடத்துக்கு 12 பகுதிகள். ஆக மொத்தம் 4,872 பிளாக், ஏறத்தாழ இரண்டரை மெகாபைட். அதில் 4,000 கோப்புகளுக்குப் போக, எஞ்சிய 872 பிளாக்குகளை நினைவகத்தில் இடம் போதாத நிரல்களைத் தற்காலிகமாக இறக்கி வைக்கும் பகுதியாக யூனிக்ஸ் பயன்படுத்திக்கொண்டது. நாடாவின் கணக்கும் சுவையானது. அங்குலத்துக்கு 800 என்ற அடர்த்தியில் 512 பைட்டுக்கு 0.64 அங்குலம் போதும். ஆனால் ஒவ்வொரு பிளாக்குக்கும் நடுவில் நாடா நின்று புறப்பட ஏறத்தாழ 0.6 அங்குலம் வெறுமையாக விடப்பட வேண்டும். 12,100 பிளாக்குக்கு 1,250 அடி நாடா செலவாகும். அதில் கிட்டத்தட்ட பாதியில் எந்தத் தகவலும் இல்லை.

கேள்வி: வட்டு தயாரான பின் யூனிக்ஸ் தானாகக் கிளம்பிவிடுமா? — மதுரை வாசகர்

பதில்: கிளம்பாது. வட்டிலிருந்து பூச்சியமாவது பிளாக்கைப் படிக்க மற்றொரு சிறு நிரலை ஏற்ற வேண்டும்; ரோம் அட்டை இல்லாதவர்கள் இதற்கும் சுவிட்சுகளையே நாட வேண்டியிருந்தது. இந்த நிரலில் ஒன்பது எண்கள்: 012700, 177412, 005040, 010040, 012740, 000005, 105710, 002376, 005007. நாடா நிரலின் அதே உத்திதான், ஆனால் கடைசி மூன்று எண்களைக் கவனியுங்கள். வட்டு வேலையை முடித்துவிட்டதா என்று பார், முடிக்கவில்லையென்றால் மறுபடி பார், முடித்துவிட்டால் முகவரி பூச்சியத்துக்குத் தாவு என்று அவை சொல்கின்றன. நாடா நிரல் மனிதரின் கண்ணை நம்பிய இடத்தில், வட்டு நிரல் மூன்று சொற்கள் கூடுதலாகச் செலவழித்துத் தானே காத்திருக்கிறது. வட்டிலிருந்து கிளப்புவது அன்றாட வேலை, நாடாவிலிருந்து கிளப்புவது எப்போதோ ஒருமுறை செய்வது என்பதால் அந்தச் செலவு நியாயமானதே.

அதன் பின் "@" குறி தோன்றும். அதற்கு ஆர்கேயூனிக்ஸ் என்று விடை தந்தால் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருநிரல் நினைவகத்தில் ஏறி, நிரல்களுக்கென்று எவ்வளவு நினைவகம் மிஞ்சியிருக்கிறது என்பதை ஒரு கிலோ சொல்லின் பத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு அச்சிடும். கிளப்பும் முன் முகப்புச் சுவிட்சுகளில் 173030 என்ற எண்ணை அமைத்து வைத்திருந்தால், யூனிக்ஸ் அதைப் படித்துப் பார்த்து, பலபயனர் நிலைக்குப் போகாமல் நேராக நிர்வாகிக்குரிய "#" குறியைக் காட்டும். முதல் முறை இப்படிச் செய்வதே முறை. உள்ளே வந்தவுடன், மூன்று வகை வட்டுகளுக்கென்று தரப்பட்டிருக்கும் மூன்று கருநிரல்களில் நமக்குரியதை யூனிக்ஸ் என்று பெயர் மாற்றிவிட்டு மற்றவற்றை அழித்துவிடலாம். இரண்டரை மெகாபைட் வட்டில் ஒவ்வொரு பிளாக்கும் அருமையானது.

இன்றைய லினக்ஸ் பழக்கத்தோடு உள்ளே போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அடைவு மாற்ற சிடி என்ற கட்டளை கிடையாது. சிஹெச்டிஐஆர் என்று முழுதாக அடிக்க வேண்டும். தவறான எழுத்தை அழிக்க "#", முழு வரியையும் தள்ளிவிட "@". பின்னழிப்பு விசை எதையும் அழிக்காது, அழித்ததுபோல் திரையில் மட்டும் தோன்றும். ஓடும் நிரலை நிறுத்த கன்ட்ரோல்-சி பயன்படாது, டெலீட் விசையே பயன்படும். கைக்கு வராத இந்த விசைகளால்தான் புதியவர்கள் கட்டளை சரியாக இருந்தும் பிழைச்செய்தி வாங்குகிறார்கள்.

மூலநிரல் வட்டையும் கையேட்டு வட்டையும் "=" நிலையிலேயே டிஎம்ஆர்கே கொண்டு படியெடுக்க முடியும், நாடாவில் 4100, 8100 என்ற இடங்களிலிருந்து. ஆனால் யூனிக்ஸ் ஓடத் தொடங்கிய பிறகு, மெக்நாட் என்ற கட்டளையால் வட்டுக்கும் நாடாவுக்கும் உரிய சாதனக் கோப்புகளை உண்டாக்கிக்கொண்டு, டிடி என்ற கட்டளையால் அதே வேலையைச் செய்வது மேல். குறிப்பு எழுதியவர்களின் அறிவுரையும் அதுதான்.

கேள்வி: எந்த பீடிபி-11 ஆனாலும் இது நடக்குமா? ஏழாம் பதிப்பு இன்னும் புதியதாயிற்றே, அதையே நிறுவினால் என்ன? — கோலாலம்பூர் வாசகர்

பதில்: நடக்காது. ஆறாம் பதிப்புக்கு 11/40, 11/45, 11/70 ஆகியவற்றில் ஒன்று வேண்டும். அதில் நினைவக மேலாண்மை அட்டையும் கடிகார அட்டையும் இருந்தாக வேண்டும். கடிகாரம் இல்லாத கணினியில் கருநிரல் "நோ கிளாக்" என்று ஒரு வரியை அச்சிட்டுவிட்டு அப்படியே நின்றுவிடும். 1979இல் வந்த ஏழாம் பதிப்பு, கட்டளைகளுக்கும் தரவுக்கும் தனித்தனி முகவரி வெளி உள்ள 11/45, 11/70 கணினிகளுக்காக எழுதப்பட்டது; 11/40இல் அந்த வசதி இல்லை. பெர்க்லி பல்கலைக்கழக வழிவந்த யூனிக்ஸான, 1991இல் வெளிவந்த 2.11 பிஎஸ்டிக்கும் அதே தேவை உண்டு. ஆகவே 11/40 வைத்திருப்பவருக்கு ஆறாம் பதிப்பே இயல்பான எல்லை. அதை நான் குறையாகக் கருதவில்லை; ஒரு மனிதர் முழுவதுமாகப் படித்து முடிக்கக்கூடிய அளவில் மூலநிரல் இருந்த பதிப்பு அது.

கேள்வி: சிமுலேட்டரில், அதாவது பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் நிரலில், செய்து பார்ப்பது வெறும் விளையாட்டுத்தானா? நான் இணையத்தில் கிடைத்த நாடாப் படியை இணைத்தேன். ஒரு பிளாக்கைக்கூடப் படிக்க முடியவில்லை. — கோவை வாசகர்

பதில்: விளையாட்டு அல்ல. உண்மையான கணினியைத் தொடுவதற்கு முன் சிமுலேட்டரில் முழுவதையும் செய்து பழகிக்கொள்வதையே நான் வலியுறுத்துவேன். பாப் சப்னிக் முன்னின்று உருவாக்கிய சிம்ஹெச் நிரலில் மேற்சொன்ன ஆறு எண்களை அதே முகவரியில் இட்டு, 100000இலிருந்து ஓடவிட்டு, கன்ட்ரோல்-ஈ கொண்டு நிறுத்தி, மறுபடி பூச்சியத்திலிருந்து ஓடவிட்டால் அதே "=" குறி வரும். சுவிட்சைத் தூக்கும் விரல் வலி மட்டும் இருக்காது.

உங்கள் சிக்கலுக்கு மிகவும் வாய்ப்புள்ள காரணம் கோப்பின் வடிவம். நாடாவில் பிளாக்குக்கும் பிளாக்குக்கும் இடையே வெற்றிடம் இருப்பதால் ஒரு பிளாக் எங்கே முடிகிறது என்பதை இயக்கி அறிந்துகொள்கிறது. வட்டிலுள்ள சாதாரணக் கோப்பில் அப்படி எதுவும் இல்லை. அதனால் சிம்ஹெச் தன் நாடாக் கோப்பில் ஒவ்வொரு பிளாக்குக்கும் முன்னும் பின்னும் அதன் நீளத்தை நான்கு நான்கு பைட்டுகளில் எதிர்பார்க்கிறது. நீளம் பூச்சியம் என்றால் அது கோப்பு முடிவுக் குறி. கோப்பின் அளவைப் பாருங்கள். ஆறாம் பதிப்பின் நாடா வெறும் தரவாக இருந்தால் 6,195,200 பைட்டுகள் இருக்கும். நீளக் குறிப்புகளோடும் முடிவுக் குறியோடும் இருந்தால் 6,292,004 பைட்டுகள் இருக்கும். முதல் எண் வந்தால் கோப்பை மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும். 512 பைட்டுகளாகப் பிரித்து இரு பக்கமும் நீளத்தை ஒட்டும் சிறு நிரலை நீங்களே எழுதிவிடலாம்.

சிமுலேட்டர் மறைத்துவிடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே புதிய வட்டு என்றால் ஒரு வெற்றுக் கோப்பு, அது உடனே எழுதத் தயாராக இருக்கும். உண்மையான ஆர்கே05 வட்டையோ டெக்கின் சோதனை நிரல்களைக் கொண்டு முன்கூட்டியே வடிவமைத்து வைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்யாத வட்டில் டிஎம்ஆர்கேயால் எதையும் எழுத முடியாது.

கேள்வி: என் தந்தை வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து கழித்துவிடப்பட்ட ஒரு நாடாச் சுருள் வீட்டில் இருக்கிறது. நேராக இயக்கியில் போட்டுப் படிக்கலாமா? — சென்னை வாசகர்

பதில்: வேண்டாம். எழுபதுகள், எண்பதுகளைச் சேர்ந்த பல நாடாக்களில், காந்தத் துகள்களை நாடாவோடு பிணைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போயிருக்கும். ஓடவிட்டால் பூச்சு உரிந்து தலையில் ஒட்டிக்கொள்ளும், தரவும் அதோடு போய்விடும். இத்தகைய நாடாவைப் பழையன காப்பவர்கள் ஐம்பது பாகை செல்சியஸை ஒட்டிய நிலையான வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து உலர்த்திவிட்டு, உடனே ஒருமுறை படித்துப் படியெடுத்துக்கொள்கிறார்கள். வீட்டு அடுப்பில் செய்யும் வேலை அல்ல இது. சுருளின் பின்புறக் குழியில் ஒரு நெகிழி வளையம் இருக்கிறதா என்று மட்டும் இப்போதே பாருங்கள், இருந்தால் கழற்றிவிடுங்கள். அந்த வளையம் இல்லாத நாடாவில் இயக்கி எழுதாது.

கேள்வி: இதையெல்லாம் செய்வது சட்டப்படி சரியா? — புதுச்சேரி வாசகர்

பதில்: சரியே. ஒருகாலத்தில் யூனிக்ஸுக்கு உரிமம் வழங்கிவந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஒப்பந்தம் இல்லாமல் தொட முடியாததாக இருந்தது. உரிமையைப் பின்னர் பெற்ற கால்டெரா நிறுவனம், 2002 ஜனவரியில் ஏழாம் பதிப்பு வரையிலான பீடிபி-11 யூனிக்ஸ் பதிப்புகளைப் பிஎஸ்டி பாணி உரிமத்தில் திறந்துவிட்டது. பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம நிபந்தனைகளையும் நீக்காமல் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: வேலை முடிந்ததும் மின்சாரத்தை அப்படியே நிறுத்திவிடலாமா? — திருநெல்வேலி வாசகர்

பதில்: கூடாது. வட்டுக்குப் போக வேண்டிய பிளாக்குகளை யூனிக்ஸ் சிறிது நேரம் நினைவகத்திலேயே வைத்துக்கொள்கிறது. நடுவில் நிறுத்தினால் எந்த பிளாக் காலி, எது யாருடையது என்ற கணக்கு குழம்பிவிடும். ஆறாம் பதிப்பில் கணினியை முறையாக மூடும் கட்டளை என்று எதுவும் இல்லை. எல்லோரும் வெளியேறிய பிறகு சிங்க் என்ற கட்டளையைத் தந்து, வட்டு இயக்கியின் விளக்கு அடங்கும் வரை பொறுத்து, பிறகு முகப்பிலுள்ள "ஹால்ட்" சுவிட்சை அழுத்துவதே மூடும் முறை. தவறி நிறுத்திவிட்டிருந்தால், அடுத்த முறை 173030 நிலையில் கிளப்பி ஐசெக், டிசெக் ஆகிய இரண்டு சோதனைக் கட்டளைகளையும் ஓட்டிப் பாருங்கள். காலிப் பிளாக்குகளின் பட்டியல் மட்டும் பிசகியிருந்தால் ஐசெக் கட்டளையை "-எஸ்" விருப்பத்தோடு ஓட்டி அதைப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். அது முடிந்தவுடன் சிங்க் தராமலே கணினியை நிறுத்தி மறுபடி கிளப்புங்கள், ஏனெனில் அப்போது சிங்க் கொடுத்தால் நினைவகத்தில் இருக்கும் பழைய பட்டியல் புதியதன் மேல் எழுதப்பட்டுவிடும்.